சாகாவும் ஈஸ்வராவும்

செரம்பானிலிருந்து கோலாலம்பூர் நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையில் தீரோய்க்கும் நீலாய்க்கும் இடையே உள்ள சிறிய நிலையம் லாபு. மலாய் மொழியில் அச்சொல் பூசணி, சுரை ஆகிய காய்களைக் குறிக்கும். ஊர் சிறிது, ஊரைச் சூழ்ந்த தோட்டங்களோ பெரிது. அத்தோட்டங்களின் செம்மண் பாதைகளில் மாட்டு வண்டி சென்ற காலமும் உண்டு. பால் ஏற்றும் லாரி சென்ற காலமும் உண்டு. துரையின் மோட்டார் வண்டி புழுதி கிளப்பிச் செல்ல, மற்றவர் ஒதுங்கி நின்று பார்த்த காலமும் உண்டு. 1985 ஆம் ஆண்டுக்குப் பின் இப்பாதைகளில் புதியதொரு வண்டி ஓடத் தொடங்கியது. ஏழாண்டுகள் கழிந்ததும் அதே வண்டி வேறு முகத்துடன் வந்தது. முதலில் வந்தது புரோட்டோன் சாகா. 1992 இல் முகம் மாறி வந்தது சாகா ஈஸ்வரா. இவ்விரண்டையும் ஒப்புநோக்கி, எது மாறியது, எது மாறவில்லை, ஏன் அவ்வாறு நேர்ந்தது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈஸ்வரா புதிய வண்டியா, பழைய வண்டியா என்பது காப்பிக்கடைத் தர்க்கம் போலத் தோன்றலாம். ஆயினும் அதற்கு விடை காணப் புகுந்தால், ஒரு நாடு தொழில் கற்றுக்கொண்ட விதமும், யென் நாணயத்தின் ஏற்றமும், தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு தலைமுறையின் கதையும் அதற்குள் அடங்கியிருக்கக் காணலாம்.

முகமாற்றம் என்பது யாது என்று முதலில் தெளிந்துகொள்வோம். மோட்டார் வண்டியின் உடல் பல தகட்டுப் பாகங்களால் ஆனது. கூரை, பக்கச் சுவர், கதவு, தரை, போனட் என ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி எஃகு அச்சுகள் உண்டு. பலகாரக் கடையில் அச்சு முறுக்குப் பிழிவது போன்ற எளிய அச்சன்று இது. மேலும் கீழுமாக இரண்டு பெரிய எஃகுக் கட்டிகள். அவற்றிடையே தகட்டை வைத்துப் பல நூறு டன் எடையுடன் அழுத்துவார்கள். ஒரே பாகத்துக்கு நான்கைந்து அழுத்தங்கள் தேவைப்படுவதும் உண்டு. அழுத்தி எடுத்த பாகங்களை ஒன்றோடொன்று பற்றவைப்பதற்கும் தனியான பிடிமானச் சட்டங்கள் வேண்டும். ஒரு புதிய வண்டிக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி, வண்டி விற்பனைக்கு வருமுன்பே இந்த அச்சுகளிலும் சட்டங்களிலும் முடங்கிவிடுகிறது.

எனவே மோட்டார்க் கம்பெனிகள் ஒரே உடலை ஆறு, ஏழு ஆண்டுகள் விற்க முயல்கின்றன. ஆனால் வாங்குவோர் கண்ணுக்கு மூன்று ஆண்டுகளிலேயே வண்டி பழையதாகிவிடுகிறது. இந்த இடைவெளியை நிரப்ப எழுந்ததே முகமாற்றம். விளக்கு, முன்கிராதி, பம்பர் போன்றவை திருகாணியால் பொருத்தப்படுபவை. மாற்றுவதற்குச் செலவு குறைவு. போனட்டும் பின்பெட்டியின் மூடியும் கீலில் ஆடுபவை. அவற்றையும் ஓரளவு சிக்கனமாக மாற்றலாம். கூரையையும் கதவையும் தொட்டால் செலவு பன்மடங்காகிவிடும். தீபாவளிக்கு முன் லயத்து வீட்டின் முன்சுவருக்கு மட்டும் வெள்ளை அடிப்பதை நாம் அறிவோம். கூரைத் தகரத்தின் ஓட்டை அடுத்த மழைக்கும் அங்கேதான் இருக்கும்.

இவ்வழக்கத்தை முறையான வாணிபக் கலையாக்கியவர்கள் அமெரிக்கர்கள். ஹென்றி போர்டு தமது 'டி' மாடல் வண்டியை 1908 முதல் 1927 வரை ஏறத்தாழ ஒரே உருவில் செய்து, ஒன்றரைக் கோடி வண்டிகள் விற்றார். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் தலைவரான ஆல்பிரட் சுலோன் வேறு வழியை மேற்கொண்டார். ஆண்டுதோறும் வண்டியின் தோற்றத்தைச் சிறிது மாற்றினால், சென்ற ஆண்டு வாங்கியவருக்கே தம் வண்டி பழையதாகத் தோன்றும் என்று அவர் கணக்கிட்டார். கணக்கு பலித்தது.

மலாயாவின் சாலைகளுக்கு இக்கலை பிரிட்டிஷ் வண்டிகளின் வழியாக வந்தது. அக்காலத்தில் இந்நாட்டில் பரவலாக ஓடிய வண்டிகளுள் மோரிஸ் மைனரும் ஒன்று. டாக்டர்களும் ஆசிரியர்களும் அரசாங்க உத்தியோகஸ்தர்களும் அதை விரும்பி வாங்கினர். அதன் வரலாறு நம் பொருளுக்கு நல்ல முன்னுரையாகும். 1948 இல் வெளிவந்த மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். வண்டி ஏறக்குறைய முடிவான நிலையில் அதன் அகலம் போதவில்லை என்று அவருக்குத் தோன்றியது. மாதிரி வண்டியை நடுவே இரண்டாக அறுத்து, இரு பாதிகளையும் தள்ளி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டினார். அதற்குள் பம்பர்கள் செய்யப்பட்டுவிட்டபடியால், தொடக்க கால வண்டிகளில் பம்பரையும் நடுவே வெட்டி, இடையில் ஒரு துண்டு வைத்து இணைத்தார்கள். சிக்கனத்தின் தழும்பு அவ்வளவு வெளிப்படையாகத் தெரிந்த வண்டி வேறு இருக்குமா என்பது ஐயமே.

பிற்பாடு மைனர் அடைந்த மாற்றங்கள் ஒரே நாளில் நிகழவில்லை. முதலில் கிராதிக்குள் தாழ இருந்த முன்விளக்குகள், சக்கர மூடிகளின் மேலே ஏறின. அமெரிக்கச் சட்டம் உயரமான விளக்கைக் கோரியதே அதற்குக் காரணம். 1952 இல், மோரிசும் ஆஸ்டினும் ஒரே கம்பெனியாக இணைந்ததன் பயனாக, பழைய 918 சி.சி. இஞ்சின் நீங்கி ஆஸ்டினின் 803 சி.சி. இஞ்சின் வந்தது. அப்போது முகம் மாறவில்லை. இரண்டாண்டு கழித்து, 1954 இல், முன்கிராதி மாறியது. அப்போது இஞ்சின் மாறவில்லை. 1956 இல் 948 சி.சி. இஞ்சினும், இரு துண்டாக இருந்த முன்கண்ணாடிக்கு மாற்றாக ஒரே வளைந்த கண்ணாடியும் சேர்ந்து வந்தன. ஆக, வண்டியின் இதயம் மாறும் ஆண்டு வேறாகவும், முகம் மாறும் ஆண்டு வேறாகவும் இருக்கலாம் என்பதை மைனரே காட்டிவிட்டது. இதை மனத்தில் கொண்டால் சாகாவின் கதை எளிதில் விளங்கும்.

இந்தியாவின் அம்பாசிடரும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. மோரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசை வண்டியே கல்கத்தாவுக்கு அருகில் உத்தரபாராவில் அம்பாசிடர் ஆயிற்று. 1963 இல் அது கிராதியை மாற்றிக்கொண்டு 'மார்க் 2' எனப்பட்டது. பின்னும் சில முகங்கள் வந்தன. உடல் மட்டும் 2014 இல் உற்பத்தி நிற்கும்வரை மாறவேயில்லை. அது தனியே எழுதத்தக்க பெரிய கதை.

இனி மலேசியாவுக்கு வருவோம். 1981 ஆம் ஆண்டு ஜூலையில் டாக்டர் மகாதீர் பிரதமரானார். அதே ஆண்டு செப்டம்பர் 7 ஆம் நாள் காலையில், லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்துக்குள், மலேசிய அரசின் பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் கத்ரி கம்பெனியின் பங்குகளை வாங்கித் தன் வசப்படுத்திக்கொண்டது. நெகிரி செம்பிலானின் தோட்டங்களில் கத்ரியின் பெயர் எத்துணைப் பெரியது என்று இவ்வட்டாரத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தின் உரிமை லண்டனிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியதும், நாட்டுக்கென ஒரு மோட்டார் வண்டி வேண்டும் என்ற திட்டம் உருப்பெற்றதும் ஒரே காலத்தில், ஒரே மனப்போக்கின் விளைவுகளாக நடந்தவை. எனினும் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலியை முன்னது பெரிதும் மாற்றிவிடவில்லை. பின்னது அவன் மகனின் வாழ்வில் எவ்வாறு வந்து புகுந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

1983 மே 7 ஆம் நாள் பெருசாஹான் ஓட்டோமொபில் நேஷனல், சுருக்கமாகப் புரோட்டோன், பதிவு செய்யப்பட்டது. அரசாங்கத்தின் ஹைக்கோம் நிறுவனத்துக்கு 70 விழுக்காடு. மிட்சுபிஷியின் இரு கம்பெனிகளுக்குத் தலைக்கு 15 விழுக்காடு. ஷா ஆலமில் ஆண்டுக்கு 80,000 வண்டிகள் செய்யக்கூடிய ஆலை எழுந்தது. 1985 ஜூலை 9 ஆம் நாள் முதல் சாகா அறிமுகமாயிற்று. அவ்வாண்டில் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தின்மீது பிரதமர் தாமே சாகாவை ஓட்டிச் சென்ற காட்சியை நாடே கண்டது.

உண்மையில் சாகாவே ஒரு முகமாற்ற வண்டிதான். ஜப்பானில் 1983 முதல் விற்பனையான மிட்சுபிஷி லான்சர் பியோரே என்ற நான்கு கதவுச் சலூன் வண்டியே அதன் மூலம். கூரை, கதவு, தரை, முன் சக்கர இருசுக்கும் பின் சக்கர இருசுக்கும் இடையே உள்ள 2,380 மில்லிமீட்டர் தூரம் யாவும் பியோரேயினுடையவை. இஞ்சினும் மிட்சுபிஷியின் ஓரியன், முதலில் 1.3 லிட்டர், அடுத்து 1.5 லிட்டர். புதிதாக வந்தவற்றுள் கண்ணில் பட்டது முன்கிராதியில் பொறித்த சின்னமே: பிறையும், பதினான்கு முனை நட்சத்திரமும். இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. ஆனா, ஆவன்னா எழுதும் பிள்ளை முதலில் ஆசிரியர் எழுதியதன்மேல்தான் எழுதிப் பழகும். இந்தியாவின் உத்தரபாராவும், கொரியாவின் ஹியூண்டாயும் அவ்வாறே தொடங்கின.

பெயரைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். நாடு தழுவிய போட்டியில் ஓய்வுபெற்ற இராணுவ வீரர் ஒருவர் அனுப்பிய பெயர் சாகா. மலாயாவில் எங்கும் காணப்படும் சாகா மரத்தின் சிவந்த விதையே அது. சிறுவர்கள் பொறுக்கிச் சேர்க்கும் அவ்விதையைத் தமிழர்கள் மஞ்சாடி, ஆனைக்குன்றிமணி என்பர். பளபளப்பும் உறுதியும் உடையது. விதைக்கு விதை எடை அதிகம் வேறுபடாதது. அதனால் மலாய்ப் பொற்கொல்லர் அதைத் தங்கம் நிறுக்கப் பயன்படுத்தினர். நம்மவர் வழக்கமும் அதுவே. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் அளித்த அணிகலன்களின் எடை கழஞ்சிலும் மஞ்சாடியிலும் குன்றியிலும் கல்வெட்டில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் சோழன் பொன்னை நிறுத்த விதையின் பெயர் ஷா ஆலம் ஆலையின் முதல் வண்டிக்கு அமைந்தது தற்செயலே. ஆயினும் இனிய தற்செயல். இன்னொன்று: தமிழில் எழுதினால் 'சாகா' என்பது சாவில்லாதது என்றும் பொருள்படும். இருபத்திரண்டு ஆண்டுக்கு மேல் ஒரே உடலோடு ஓடிய வண்டிக்கு இப்பொருளும் பொருந்தாமற் போகவில்லை.

வண்டி பிறந்த வேளை நல்ல வேளையன்று. 1985 இல் மலேசியப் பொருளாதாரம் வளர்ச்சி குன்றிப் பின்னடைந்தது. தகரமும் செம்பனையெண்ணெயும் விலை வீழ்ந்தன. மோட்டார் வண்டி விற்பனை அடுத்த ஈராண்டுகளில் மிகவும் சுருங்கியது. 1985 செப்டம்பரில் ஐந்து பெரிய நாடுகள் நியூயார்க்கில் கூடிச் செய்த உடன்பாட்டின் விளைவாக யென் நாணயம் ஏறத் தொடங்கியது. ஒரு டாலருக்குச் சுமார் 240 யென் என்றிருந்தது, ஓராண்டுக்குள் 150-ஐ ஒட்டி வந்துவிட்டது. புரோட்டோன் வாங்கிய பாகங்களின் விலையும் பட்ட கடனும் யென்னில் இருந்தன. ஒரு திருகாணியையும் கூட்டாமலே வண்டியின் அடக்கவிலை ஏறியது. நட்டம் பெருகவே, 1988 இல் மிட்சுபிஷியிலிருந்து கெஞ்சி இவாபுச்சி வரவழைக்கப்பட்டு நிர்வாக இயக்குநராக அமர்த்தப்பட்டார். தேசிய வண்டிக்கு ஜப்பானியர் தலைமையா என்று அன்று சலசலப்பு எழுந்தது. கணக்கு நேரானதும் அடங்கியது.

இந்த நெருக்கடிக்கு இடையில்தான் சாகாவின் மெய்யான மாற்றம் நிகழ்ந்தது. 1987 இல் ஏரோபேக் என்ற ஐந்து கதவு வண்டி வந்தது. பின்பக்கத்தை வேறாக வடிக்கும் பயிற்சி அதனால் கிட்டியது. 1980களின் பிற்பகுதியிலேயே 12 வால்வு இஞ்சினும் வந்தது. முன்பு ஒரு சிலிண்டருக்கு இரண்டு வால்வு: ஒன்று காற்றும் பெட்ரோலும் உள்ளே வர, மற்றொன்று புகை வெளியே போக. புதியதில் உள்வழிக்கு இரண்டு, வெளிவழிக்கு ஒன்று என மூன்று. ஒரு வாசலுக்குப் பதில் இரு வாசல் வைத்தால் கூட்டம் எளிதில் நுழைவது போல, இஞ்சின் வேகமாகச் சுழலும்போது கலவை தடையின்றி உள்ளே புகுந்தது. பெட்ரோல் வீணாகாமல் வலிவு கூடியது. 1989 இல் பிரிட்டனுக்கு ஏற்றுமதி தொடங்கியபோது சென்றது இந்த இஞ்சின்தான். தெருவில் நிற்பவன் கண்ணுக்கோ வண்டி அதே பழைய சாகா.

1992 இல் ஈஸ்வரா வந்தபோது நிலைமை நேர்மாறு. இப்போது முகம் மாறியது, இதயம் மாறவில்லை.

இரண்டு வண்டிகளையும் அருகருகே நிறுத்தி முன்னிருந்து பார்ப்போம். சாகாவின் முகம் சதுரமானது. பெட்டி போன்ற முன்விளக்குகள், நேர்க்கோடுகளாலான கிராதி, மெலிந்த பம்பர். ஈஸ்வராவில் விளக்குகள் ஒடுங்கின. மூக்கு சற்றே வழிந்து தாழ்ந்தது. பம்பர் பருத்துக் கீழிறங்கியது. பின்னாலும் அவ்வாறே விளக்குகளும் பம்பரும் மாறி, வண்டி கனத்த தோற்றம் பெற்றது. முனைகள் மழுங்கிய வண்டிகளே அக்காலத்து நாகரிகம். 1983 இல் வரைந்த கோணங்கள் 1992 இல் பழமையாகத் தெரிந்தன. இப்போது பக்கவாட்டில் சென்று, முன்னும் பின்னும் கையால் மறைத்துக்கொண்டு நடுப்பகுதியை மட்டும் பார்த்தால், சாகா எது, ஈஸ்வரா எது என்று சொல்வது கடினம். கதவு அதே கதவு. சன்னல் அதே சன்னல். கூரையின் வளைவும் அதே வளைவு. சக்கர இடைத்தூரம் அதே 2,380 மில்லிமீட்டர். ஆதலால் உள்ளே அமர்பவருக்குக் காலை நீட்ட ஓர் அங்குல இடமும் கூடவில்லை. இஞ்சின் அதே 12 வால்வு. பெட்ரோலைக் காற்றோடு கலப்பதும் அதே கார்புரேட்டர்.

எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்று பார்த்தாலே கம்பெனியின் பணப்பை தெரிந்துவிடுகிறது. யென் கடனிலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த இளங் கம்பெனி, அடுத்த ஆண்டு வரவிருந்த வீராவுக்கு வேண்டிய அச்சுகளுக்கு முதலீடு செய்துகொண்டிருந்தது. சாகாவுக்கெனச் செலவிட மிஞ்சியது முகத்துக்கும் முதுகுக்கும் போதுமான தொகையே. அதைக்கொண்டு செய்யக்கூடியதை நன்றாகவே செய்தார்கள். முகமும் உடலும் ஒட்டாமல் துருத்தி நிற்கும் முகமாற்ற வண்டிகள் உலகில் பல உண்டு. ஈஸ்வரா அவற்றுள் ஒன்றன்று.

பெயரிலும் ஒரு முகமாற்றம் நிகழ்ந்தது. காட்டு விதையின் பெயரோடு, தமிழ்க் காதுக்கு 'ஈஸ்வரா' என்றே ஒலிக்கும் சொல் சேர்ந்தது. பின்வந்தவை வீரா, சத்ரியா, பெர்டானா, புத்ரா: வீரன், க்ஷத்திரியன், பிரதானம், புத்திரன் என நாம் அறிந்த வடசொற்களின் மலாய் வடிவங்கள். பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு "ஈஸ்வரா எப்போது எழுந்திருக்கும்?" என்று கேட்பதில் உள்ள நகைச்சுவை தமிழருக்கு மட்டுமே உரியது.

இவ்வண்டிகள் லாபுவுக்கு வந்த வழி ஷா ஆலமிலிருந்து நேர்வழியன்று. நாட்கூலி பெறும் பால்வெட்டுத் தொழிலாளிக்குத் தவணைக் கடன் கொடுக்க எந்த நிதிக் கம்பெனியும் முன்வராது. மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லையேல் கூலி இல்லை. மாதச் சம்பளச் சீட்டு என்று காட்ட ஒன்றுமில்லை. தோட்டத்தில் இயந்திர வாகனம் என்றால் நெடுங்காலம் ஹோண்டா கப் மோட்டார் சைக்கிள்தான். தந்தை ஓட்ட, தாய் பின்னே அமர, முன்னால் ஒரு பிள்ளையும் இடையில் ஒரு பிள்ளையுமாகச் செரம்பான் போய் வந்த குடும்பங்கள் எத்தனையோ. மாற்றம் பிள்ளைகளால் வந்தது. செனவாங்கிலும் நீலாயிலும் தொழிற்சாலைகள் பெருகின. தோட்டத்துப் பிள்ளைகள் பஸ் ஏறி அங்கே வேலைக்குப் போயினர். அவர்களிடம் மாதச் சம்பளச் சீட்டு இருந்தது. அந்தச் சீட்டே லயத்து வாசலுக்கு முதல் சாகாவைக் கொண்டுவந்தது. பெரும்பாலும் அது பிறர் ஓட்டிக் கைமாறிய வண்டி.

1992 இன் முகமாற்றம் இவர்களுக்கு இரு வகையில் உதவியது. முதலாவது, புதிய முகம் வந்தவுடன் பழைய முகத்தின் விலை இறங்கியது. சுலோன் வகுத்த கணக்கு அமெரிக்கப் பணக்காரனைப் பழைய வண்டியை வெறுக்கச் செய்தது. லாபுவில் அதே கணக்கு ஓர் ஏழையை வண்டிக்காரனாக்கியது. இரண்டாவதே பெரிது. நடுவுடலும் இஞ்சினும் மாறாமையால் சாகாவுக்கும் ஈஸ்வராவுக்கும் உதிரிப்பாகங்கள் பெரும்பாலும் பொதுவாயின. பழைய வண்டிக்குப் பாகம் கிடைக்காது என்ற அச்சம் இல்லை. விபத்தில் நசுங்கிய ஈஸ்வராவின் கதவும் கண்ணாடியும் பத்தாண்டு ஓடிய சாகாவுக்கு உயிர் கொடுத்தன. எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் அந்த இஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டத் தெரிந்த பையன் ஒருவன் இருந்தான். கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி மாட்ட ஒரு திருப்புளியும் சிறிது பொறுமையும் போதும், மின்கணினி வேண்டியதில்லை. பழைய சாகாவுக்கு ஈஸ்வராவின் முகத்தை வாங்கிப் பொருத்திக்கொண்டவர்களும் உண்டு. கம்பெனி ஆலையில் செய்ததைத் தகரம் தட்டுபவர் மரத்தடியில் செய்தார்.

வண்டி வந்தபின் தோட்டத்து வாழ்வில் நேர்ந்த மாறுதல் சிறிதன்று. பேறுகால வலி நள்ளிரவில் கண்டால் தோட்டத்து லாரிக்காக டிரைவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருந்த நிலை நீங்கியது. தைப்பூசத்துக்குப் பத்துமலை செல்ல ரயிலையே நம்பியிருக்க வேண்டியதில்லை. ஐவர் அமரும் வண்டியில் எழுவர் அமர்ந்ததைச் சட்டம் ஏற்காது, என்றாலும் அமர்ந்தார்கள். யாரிடம் வண்டி இருக்கிறது என்பது கல்யாணப் பேச்சிலும் கலந்துகொண்டது. அது அவ்வளவு நல்லதென்று சொல்ல முடியாது.

1990களில் தோட்டமே தன் முகத்தை மாற்றிக்கொள்ளத் தொடங்கியது. ரப்பர் சாய்ந்து செம்பனை எழுந்தது. நீலாயில் புதுநகர் வந்தது. 1994 இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றது. 1995 இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கி லாபு நிலையத்திலும் நின்றது. 1998 இல் அருகே சிப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. லயங்கள் காலியாயின. அந்தக் குடிபெயர்ச்சியில் பாயும் பாத்திரமும் சாமி படமும் ஏற்றிச் சென்ற வண்டிகளில் சாகாவும் ஈஸ்வராவும் பல. வெளியேறியவர்களில் சிலர் அதே ஈஸ்வராவை டாக்சியாக ஓட்டிப் பிழைத்தனர். டாக்சித் தொழிலுக்கு அது தகுந்த வண்டி. பழுதானால் அன்று மாலைக்குள் மீண்டும் சாலைக்கு வந்துவிடும்.

இத்தனையும் சொன்ன பின், மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது முறையன்று. முகமாற்றம் என்பது இடைக்காலத்துக்கு உரியது. 1983 இன் உடலுக்கு 1992 இல் புதுமுகம் வைத்து, மேலும் நாலைந்து ஆண்டு ஓட்டியிருந்தால் அது நியாயமான சிக்கனம். 1993 இல் புதிய லான்சரைத் தழுவிய வீரா வந்தபின்னும், 2000 இல் புரோட்டோன் தானே வடிவமைத்த வாஜா வந்தபின்னும், ஈஸ்வரா நிற்கவில்லை. 2003 இல் அதற்கு இன்னொரு முகமும் வைத்தார்கள். 2008 ஜனவரியில் முற்றிலும் புதிய சாகா வரும்வரை பழைய உடல் விற்பனையில் இருந்தது. அந்த இடைக்காலத்தில் மற்ற நாடுகளின் வண்டிகளில், மோதலின்போது ஓட்டுபவரைக் காக்கும் காற்றுப்பை பரவலாகிவிட்டது. மோதலில் முன்பகுதி நசுங்கி, உள்ளிருப்போர் பகுதி நசுங்காதிருக்கும் உடலமைப்பும் மேம்பட்டது. அவை முகத்தில் ஒட்டவைக்கக்கூடியவை அல்ல; கூரையையும் தரையையும் தூணையும் புதிதாக வடித்தால்தான் வரும். தொடாமல் விட்ட நடுவுடலின் விலை அங்கே தெரிந்தது. பிறநாட்டு வண்டிகளின்மீது அரசு விதித்த வரியின் நிழலில் ஈஸ்வரா விற்றது. விலை மலிவு என்று வாங்கியவருக்கு, வரி இல்லாவிடில் அதே பணத்தில் வேறு எது கிடைத்திருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பே இருக்கவில்லை. எளியவர் வாங்கும் வண்டியே பாதுகாப்பில் பழமையாக இருந்தது என்பது தொழில் வளர்ச்சியின் பெருமைப் பட்டியலோடு சேர்த்து எழுதப்பட வேண்டிய செய்தி.

பின்வந்த சாகாக்களில் கதை வேறு விதமாகச் சென்றது. மூன்றாம் தலைமுறைச் சாகா 2016 இல் வந்தது. அடுத்த ஆண்டு சீனாவின் ஜீலி கம்பெனி புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. 2019 இல் சாகாவுக்கு முகமாற்றம் செய்தபோது, பல்சக்கரமின்றிப் பட்டையால் ஓடும் பழைய தானியங்கிக் கியர்ப் பெட்டியை நீக்கிவிட்டு, ஹியூண்டாயின் நான்கு படித் தானியங்கிப் பெட்டியை வைத்தார்கள். தொழில்நுட்ப நூல்களின்படி பின்னது பழைய வகை. வாங்கியவர்களோ அதையே மெச்சினர். இம்முறை முகமும் உள்ளுறுப்பும் ஒரே ஆண்டில் மாறின. 1956 இன் மைனர் வண்டியைப் போல.

முதற் சாகாக்களுள் ஒன்று கோலாலம்பூர் தேசிய அரும்பொருளகத்துக்கு அளிக்கப்பட்டது. அது பெட்டி விளக்கும் மெலிந்த பம்பரும் உடைய 1985 ஆம் ஆண்டு முகம். செரம்பான், நீலாய் வட்டாரப் பட்டறைகளின் பின்புறத்திலோ, சாகாக்களும் ஈஸ்வராக்களும் கலந்து, ஒன்றன் கதவை மற்றொன்று அணிந்தபடி நின்றன. பக்கவாட்டிலிருந்து பார்ப்பவர், முன்னால் சுற்றி வந்து விளக்கைக் கண்ட பிறகே அவற்றின் பெயரைச் சொல்ல இயலும்.